பவளத்தை நடுவதற்கு முன்

ரெம்பாவில் ஒரு மணி நேரம் கனமழை பெய்தால் போதும். ஆற்றின் நிறம் மாறிவிடும். காலையில் அமைதியாக ஓடிக்கொண்டிருந்த நீர், மாலையில் தே தாரேக் நிறத்தில் நுரைத்துப் புரண்டு வரும். மறுநடவுக்காகச் செம்பனை மரங்களை வீழ்த்திய மேடு, வீடமைப்புத் திட்டத்துக்காகச் சமப்படுத்திய நிலம், சாலையை அகலப்படுத்த வெட்டிய சரிவு என மண் திறந்து கிடக்கும் இடங்களில் எல்லாம் மழை கழுவிக் கொண்டுவந்த செம்மண் அது. ரெம்பாவ் ஆறு லிங்கி ஆற்றோடு கலக்கிறது. சிரம்பான் பக்கத்து நீரையும் சுமந்துகொண்டு வரும் லிங்கி ஆறு, கோலா லிங்கியில் மலாக்கா நீரிணையை அடைகிறது. அந்தக் கழிமுகத்துக்கு வடக்கே, கரையோரமாகச் சிறிது தொலைவில், தஞ்சோங் துவான் முனை இருக்கிறது. அம்முனையைச் சுற்றியுள்ள ஆழமற்ற கடலில் பவளப்பாறைகள் உள்ளன.

இச்செய்தி பலருக்கு வியப்பாக இருக்கலாம். பவளம் என்றதும் தியோமான், ரெடாங், சிப்பாடான் ஆகிய தீவுகளே நினைவுக்கு வரும். போர்ட்டிக்சனுக்குக் குடும்பத்தோடு சென்று கடலில் குளித்துத் திரும்புவோர், தாங்கள் நின்ற இடத்துக்கு அருகிலேயே பவளம் உயிரோடு இருப்பதை அறிவதில்லை. ஆனால், ஆய்வாளர்கள் அறிவர். கோ, சசேகுமார் ஆகிய இருவரும் தஞ்சோங் துவானின் கரையோரப் பவளப்பாறையைப் பற்றி 1980ஆம் ஆண்டிலேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். கலங்கிய நீரிலும் வாழப் பழகிய பவளங்கள் அவை. பழகிவிட்டன என்பதற்காக எவ்வளவு மண்ணையும் அவற்றின்மேல் கொட்டலாம் என்று பொருளில்லை.

சேதமடைந்த பவளப்பாறைகளை அறிவியல், தொழில்நுட்பத்தின் துணையோடு மீட்டெடுக்கும் முயற்சிகள் இன்று உலகெங்கும் நடைபெறுகின்றன. உடைந்த துண்டுகளைக் கடலடியில் நாற்றங்கால் அமைத்து வளர்க்கிறார்கள். இரும்புச் சட்டங்களில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சி, அதன்மேல் சுண்ணாம்புப் படிவத்தை உண்டாக்கிப் பவளத்தை ஒட்டவைக்கிறார்கள். பவளத்தின் இளவுயிரிகளை ரோபோவைக் கொண்டு விதைக்கிறார்கள். இவை எல்லாம் காணொளியில் பார்ப்பதற்கு அழகானவை, பயனுள்ளவையும்கூட. எனினும், நடுவது இரண்டாவது வேலையே. பவளத்தைக் கொன்றது எதுவோ அதை நிறுத்துவதுதான் முதல் வேலை. அந்த முதல் வேலை பெரும்பாலும் கடலுக்குள் இல்லை. அது கரையிலும், கடலே கண்ணுக்குத் தெரியாத ரெம்பாவ் போன்ற ஊர்களின் மேட்டு நிலங்களிலும் இருக்கிறது.

பவளம் கல்லைப் போலத் தோன்றினாலும் அது விலங்கினத்தைச் சேர்ந்தது. ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு உயிரிகள் கூட்டமாகச் சேர்ந்து, தமக்கு அடியில் சுண்ணாம்பைச் சுரந்து கட்டும் குடியிருப்பே பவளப்பாறை. அவ்வுயிரிகளின் உடலுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. பாசிக்குப் பவளம் இடம் கொடுக்கிறது. பாசியோ சூரிய ஒளியில் உணவு தயாரித்து அதன் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. நீர் கலங்கினால் ஒளி குறையும். ஒளி குறைந்தால் உணவு குறையும். மேலே படியும் மண்ணைப் பவளம் சளி போன்ற ஒரு நீர்மத்தைச் சுரந்து வழித்துத் தள்ளுகிறது. அதற்கும் ஆற்றல் வேண்டும். பட்டினி கிடப்பவரிடம் வீட்டையும் கூட்டச் சொன்னால் எத்தனை நாள் தாங்குவார்? இதோடு, வயலிலும் தோட்டத்திலும் இடும் உரத்தின் ஒரு பகுதி ஆற்றின் வழியாகக் கடலை அடைந்தால் பெரும்பாசிகள் செழித்து வளரும். இளம் பவளம் ஒட்ட வேண்டிய பாறையைப் பாசி முந்திக்கொண்டு பிடித்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் எவ்வளவு நவீனமான கருவியைக் கொண்டு பவளத்தை நட்டாலும், அது சாகப்போகும் பயிரை நடுவதற்கு ஒப்பாகும்.

முதல் வேலையையும் இரண்டாவது வேலையையும் சேர்த்துப் பார்ப்பதற்குத் தமிழ்நாட்டின் மன்னார் வளைகுடா நல்ல இடம். பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 சிறு தீவுகள் வரிசையாக இருந்தன. அவற்றைச் சுற்றியிருக்கும் பவளப்பாறைகளை அங்குள்ள மீனவர்கள் ‘பார்’ என்று அழைப்பார்கள். அந்தப் பார்களிலிருந்து பல ஆண்டுகளாகப் பவளக் கற்களை வெட்டி எடுத்தார்கள். சுண்ணாம்புச் சூளைக்கும், கட்டட வேலைக்கும், தொழிற்சாலைகளுக்கும் அவை படகு படகாகச் சென்றன. வெட்டியவர்களை மட்டும் குறை கூறுவது எளிது. மீன் கிடைக்காத நாளில் அடுப்பு எரிவதற்கு வேறு வழியில்லாத குடும்பங்களும் அவர்களுள் இருந்தன. கற்களை வாங்கியவர்களோ கரையில் வசதியாக இருந்தார்கள்.

இதன் விளைவு சிறியதன்று. ஏறத்தாழ 110 சதுர கிலோமீட்டர் பரப்பிலிருந்த பவளப்பாறையில் 32 சதுர கிலோமீட்டர் அழிந்தது. அலையைத் தடுக்கும் சுவர் போனதால், பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் கடலுக்குள் மூழ்கின. 1986ஆம் ஆண்டிலேயே அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அறிவிப்புக்குப் பிறகும் வெட்டுதல் தொடர்ந்தது. 2001இல் பவளங்கள் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்குக் கிடைக்கும் அதே பாதுகாப்பு பவளத்துக்கும் கிடைத்தது. 2004ஆம் ஆண்டு திசம்பரில் ஆழிப்பேரலை வந்தது. பாறைகளும் தீவுகளும் கரைக்கு அரணாக நிற்பவை என்ற உணர்வு கடலோர ஊர்களில் வலுப்பெற்றது. கண்காணிப்பும் கடுமையானது. அதன் பிறகே, அதாவது 2005ஐ ஒட்டி, பவளம் வெட்டுவது நின்றது.

தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் 2002ஆம் ஆண்டில் அங்குப் பவள மீட்புப் பணியைத் தொடங்கியது. ஜே. கே. பேட்டர்சன் எட்வர்ட் தலைமையிலான ஆய்வாளர்கள் மேற்கொண்ட முறையில் ஆடம்பரம் ஏதும் இல்லை. நலமாக இருக்கும் பவளத்திலிருந்து சிறு துண்டுகளை எடுப்பார்கள். ஒவ்வொரு துண்டையும் சிறிய சிமெண்டுப் பலகையில் கட்டுவார்கள். அப்பலகைகளைக் கடலடியில் வைத்த சட்டங்களின்மேல் பொருத்துவார்கள். முக்குளிப்போர் மீண்டும் மீண்டும் இறங்கி, துண்டு பிழைத்ததா, எவ்வளவு வளர்ந்தது, பாசி மூடியதா என்று அளந்து குறிப்பார்கள். மான்கொம்பு போலக் கிளைக்கும் பவளங்கள் ஆண்டுக்குச் சுமார் பத்து சென்டிமீட்டர் வளரக்கூடியவை. உருண்டையாகத் திரளும் பவளங்களோ ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. தோட்டத்தில் இரப்பர்க் கன்றுகளை ஒட்டுக்கட்டி, பிழைத்தவற்றை எண்ணி, பிழைக்காத இடத்தில் மறுகன்று வைத்த முந்தைய தலைமுறைக்கு இந்த வேலையின் பொறுமை நன்றாகப் புரியும்.

வெட்டுதல் தொடர்ந்திருந்தால் இப்பணி எங்கே போயிருக்கும்? ஒருபுறம் ஆய்வாளர் விரல் நீளத் துண்டைக் கட்ட, மறுபுறம் படகில் கல் ஏறிக்கொண்டிருந்திருக்கும். மன்னார் வளைகுடாவின் பவளப் பரப்பு 2005க்குப் பிறகு மெல்ல உயர்ந்ததற்கு, நட்ட பவளங்கள் மட்டும் காரணமல்ல. வெட்டுவது நின்றதும் கடலே தன் புண்ணை ஆற்றிக்கொள்ளத் தொடங்கியது. அந்தப் பெருமையை ஆய்வாளர்கள் தங்களுக்கு மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. கல் வெட்டுவதை விட்டுவிட்டு வேறு பிழைப்பைத் தேடிய கடலோரக் குடும்பங்களுக்கே அதில் முதல் பங்கு உண்டு.

வான் தீவின் கதை வேறு. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள அத்தீவு அரை நூற்றாண்டுக்குள் தன் நிலத்தின் பெரும்பகுதியை இழந்து, மூழ்கும் நிலைக்கு வந்திருந்தது. 2015இல் தொடங்கி, சென்னை ஐ.ஐ.டி.யின் துணையோடு வடிவமைத்த துளையுள்ள சிமெண்டுக் கட்டமைப்புகளைப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் தீவின் முன்னே கடலடியில் இறக்கினார்கள். அவை அலையின் வேகத்தைத் தணித்தன, மணல் மீண்டும் தீவில் படியத் தொடங்கியது, மீன்கள் கூடின, பவளமும் ஒட்டியது. இங்குத் தொழில்நுட்பம் இல்லாமல் தீவு பிழைத்திருக்காது. இழந்த பாறை தானாக வளரும்வரை அலை காத்திருக்காது அல்லவா?

ஆனால், அதே வளைகுடாவில் நல்ல நோக்கத்தோடு வந்த ஒன்று கேடாகவும் முடிந்தது. மீனவப் பெண்களுக்கு வருமானம் தரும் என்று ‘கப்பாஃபைக்கஸ்’ என்னும் கடற்பாசியை அப்பகுதியில் பயிரிட்டார்கள். சபாவின் செம்போர்னாவில் கட்டைகட்டி வளர்க்கப்படுவதும் இவ்வகைப் பாசியே. மன்னார் வளைகுடாவுக்கோ அது புதியது. கட்டை விட்டுத் தப்பிய பாசி, குருசடைத் தீவின் பவளங்கள்மேல் பாய் விரித்தாற்போல் படர்ந்ததை ஆய்வாளர்கள் 2008இல் பதிவு செய்தார்கள். அடியில் இருந்த பவளம் ஒளியின்றி மடிந்தது. வருமானத்தை நம்பியவர்கள் மேலும் குற்றமில்லை. கடலின் இயல்பை ஆராயாமல் அனுமதித்ததே பிழை.

மலேசியாவிலும் இத்தகைய பாடம் உண்டு. 1975ஆம் ஆண்டு, கெடாவின் பூலாவ் தெலூர் அருகே மீன்வளத்துறை நாட்டின் முதல் செயற்கைப் பாறையை அமைத்தது. அதற்குப் பயன்பட்டவை பழைய டயர்கள். தோட்டத்தில் சீவிய பால் டயராகி, சாலையில் தேய்ந்து, கடைசியில் மீனுக்கு வீடாகிறது என்றால் கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. அக்காலத்தில் பல நாடுகள் அவ்வாறே எண்ணின. அமெரிக்காவின் புளோரிடாவில் 1972இல் ஏறத்தாழ இருபது இலட்சம் டயர்களைக் கடலில் இறக்கினார்கள். அவற்றைப் பிணைத்திருந்த கட்டுகள் உப்புநீரில் அறுந்தன. புயல் வரும்போதெல்லாம் டயர்கள் உருண்டு, அருகில் உயிரோடு இருந்த இயற்கைப் பவளங்களை அடித்து நொறுக்கின. டயரின்மேல் பவளமும் சரியாக ஒட்டவில்லை. போட்ட டயர்களை வெளியே எடுக்கும் வேலை பல ஆண்டுகள் நீண்டது. பிற்காலத்தில் மலேசியா சிமெண்டுக் கட்டமைப்புகளுக்கு மாறியது நல்ல முடிவே. கழிவை ஒழிக்க இடம் தேடியவர்கள் அதற்கு ‘மீட்பு’ என்று பெயர் வைத்தால் என்ன நேரும் என்பதற்கு டயர் ஒரு சாட்சி.

வெற்றி பெற்ற முயற்சிகளைப் பார்த்தாலும் அதே உண்மைதான் வெளிப்படுகிறது. இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவருகே, வெடி வைத்து மீன் பிடித்ததால் பவளப்பாறை சரளைக் கற்களாக நொறுங்கிக் கிடந்தது. சரளை அலையில் புரண்டுகொண்டே இருப்பதால் இளம் பவளம் அதில் வேரூன்ற முடியாது. மணல் பூசிய அறுகோண இரும்புச் சட்டங்களைப் பிணைத்து அந்தச் சரளையின்மேல் விரித்து, அவற்றில் பவளத் துண்டுகளைக் கட்டினார்கள். நான்கே ஆண்டுகளில் அங்குள்ள பவளம், நலமான பாறைக்கு இணையான வேகத்தில் சுண்ணாம்பைக் கட்டியெழுப்பியது என்று 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. சட்டம் சிறந்ததுதான். எனினும், வெடிச் சத்தம் அந்த இடத்தில் ஓய்ந்திருந்தது. நீரும் தெளிவாக இருந்தது. இவ்விரண்டும் இல்லாத கடலில் அதே சட்டம் துருப்பிடித்த இரும்பாகவே எஞ்சியிருக்கும்.

‘ஊரிலுள்ள மண்ணைத் தடுத்தாலும் உலகின் வெப்பத்தைத் தடுக்க முடியுமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கடல்நீர் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு பாகை கூடி, சில வாரங்கள் நீடித்தாலே பவளம் தன்னுள் வாழும் பாசிகளை வெளியேற்றி வெளிறிவிடுகிறது. 2010இல் வெளிறுதல் கடுமையானபோது மலேசியாவின் கடற்பூங்காக்களில் சில முக்குளிப்பு இடங்கள் பல வாரங்கள் மூடப்பட்டன. 2016இல் மன்னார் வளைகுடாவில், ஏறத்தாழ 39 விழுக்காடாக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு 23 விழுக்காட்டளவுக்குச் சரிந்தது. பத்தாண்டுக்கும் மேற்பட்ட உழைப்பை ஒரு கோடைக்காலம் தின்றுவிட்டது. 2024 ஏப்ரலில், உலகளாவிய நான்காவது வெளிறுதல் நிகழ்வு அறிவிக்கப்பட்டது.

இதற்கு விடை தேடித்தான் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் ஆய்வாளர்கள் வெப்பம் தாங்கும் பவளங்களைத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்கிறார்கள். முழுநிலவுக்குப் பிந்திய சில இரவுகளில் பவளங்கள் ஒரே நேரத்தில் முட்டையும் விந்தும் வெளியிடும்போது, அவற்றைச் சேகரித்து, கோடிக்கணக்கான இளவுயிரிகளை வளர்த்துப் பாறையின்மேல் விடுகிறார்கள். நலமான பாறையின் ஓசையைப் பதிவுசெய்து, இறந்த பாறையருகே ஒலிபரப்பி மீன்களை வரவழைத்த ஆய்வும் நடந்திருக்கிறது. ஓசை கேட்ட இடத்துக்கு இரு மடங்கு மீன்கள் வந்தன. இவை காலத்தை வாங்கித் தரும் முயற்சிகள். உலகம் கரிவளி வெளியேற்றத்தைக் குறைக்கும்வரை, பவள இனங்கள் முற்றாக மறையாமல் காக்க இவை தேவை.

ஆனால், வெப்பம் என்னும் பெரிய காரணத்தைக் காட்டிச் செம்மண் என்னும் அருகிலுள்ள காரணத்தை மறைத்துவிடக் கூடாது. காய்ச்சல் கண்டவருக்குப் பட்டினியும் சேர்ந்தால் தேறுவது கடினம். வெளிறிய பவளம் உடனே இறந்துவிடுவதில்லை. நீர் குளிர்ந்ததும் பாசி திரும்பினால் பிழைத்துக்கொள்ளும். நீர் தெளிவாகவும் உரக் கழிவின்றியும் இருந்தால் அதற்கான வாய்ப்பு கூடுகிறது. உலக வெப்பத்தை ஒரு மாவட்டம் தனியே குறைக்க முடியாது. ஆற்றில் மண் கலப்பதை ஒரு மாவட்டம் குறைக்க முடியும்.

அதற்கான அறிவு தோட்டப்புறத்துக்குப் புதியதன்று. இரப்பர்த் தோட்டங்களில் மரவரிசைகளுக்கு இடையே மூடுபயிர் வளர்த்தார்கள். சரிவுகளில் படிப்படியாக மேடை வெட்டினார்கள். ஓடும் நீர் மண்ணை இறக்கிவிட்டுப் போவதற்காகக் குழி தோண்டினார்கள். தோட்டத்தின் மேல்மண் போய்விட்டால் விளைச்சலும் போய்விடும் என்ற கணக்குதான் காரணம். கடலைப் பற்றி அன்று யாரும் எண்ணியிருக்க வாய்ப்பில்லை. இன்று செம்பனைத் தோட்டங்களில் வெட்டிய மட்டைகளை வரிசைகளுக்கு இடையே அடுக்குவதும், ஆற்றங்கரையில் ஒரு பட்டை நிலத்தை மரஞ்செடிகளோடு விட்டுவைப்பதும் அதே அறிவின் தொடர்ச்சி. 2020 முதல் மலேசியாவில் கட்டாயமாக்கப்பட்ட நிலைத்தன்மைச் சான்றிதழான எம்.எஸ்.பி.ஓ.வும் ஆற்றங்கரைப் பாதுகாப்பை வலியுறுத்துகிறது. பெரிய தோட்டங்கள் இதைச் செய்து முடிக்கலாம். சில ஏக்கர் மட்டும் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர் ஆற்றோரத்து நான்கு வரிசை மரங்களை விட்டுக்கொடுத்தால், அவருடைய மாத வருமானத்தில் அது தெரியும். கடலடியில் பவளம் நட நிதி திரட்டும் அமைப்புகளும் நிறுவனங்களும் அந்நிதியில் ஒரு பங்கை இவருக்கு ஈடாகத் தருவது பற்றி எண்ண வேண்டும். ஆற்றங்கரையில் மரம் நிற்பதைப் படமெடுத்துப் போட்டால் பவளம் நடும் படத்தின் அளவுக்குப் பாராட்டு கிடைக்காது என்பது வேறு விஷயம். தோட்டங்கள் மட்டுமே பொறுப்பேற்க வேண்டும் என்பதும் சரியன்று. வீடமைப்பு, சாலைப் பணிகளுக்காக மண்ணைத் திறந்துவிட்டு, மழைக்காலம் முழுவதும் வண்டல் குட்டையைத் தூர்வாராமல் விடும் ஒப்பந்தக்காரருக்கும் இதே கேள்வி பொருந்தும்.

புதிய தொழில்நுட்பம் இங்குத்தான் முதலில் வர வேண்டும். நீரின் கலங்கல் தன்மையை அளக்கும் உணரிகளை ஆற்றில் பொருத்தினால், எந்த மழையில் எந்தப் பகுதியிலிருந்து மண் வருகிறது என்பது அன்றே தெரிந்துவிடும். செயற்கைக்கோள் படத்தில் திறந்த நிலத்தையும், கழிமுகத்தில் பரவும் செம்மண் நீரையும் காண முடியும். விலை குறைந்த கருவியும் உண்டு. இத்தாலியரான செக்கி என்பவர் 1865இல் பயன்படுத்திய வட்டத் தட்டு அது. தட்டைக் கயிற்றில் கட்டி நீருக்குள் இறக்க வேண்டும்; கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் கயிற்றில் குறிக்க வேண்டும். பள்ளி அறிவியல் கழகம் ஒரு பிற்பகலில் அதைச் செய்துவிடலாம். ஆனால், மழைக்கு முன்பும் பின்பும், மாதந்தோறும், ஆண்டுக்கணக்கில் செய்தால்தான் அந்த எண்களுக்குப் பொருள் உண்டு. வெள்ளம் பெருகும் நேரத்தில் கரையிறங்காமல், ஆசிரியரின் துணையோடு பாலத்தின் மேலிருந்தே அளக்க வேண்டும்.

சுற்றுச்சூழல் துறை ஆறுகளின் நீர்த்தரத்தை ஆறு அளவைகளைக் கொண்டு கணிக்கிறது. நீரில் மிதக்கும் திடப்பொருளின் அளவும் அவற்றுள் ஒன்று. மறுபுறம், ‘ரீஃப் செக் மலேசியா’ போன்ற அமைப்புகள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களைக் கொண்டு பவளப்பாறைகளை ஆண்டுதோறும் கணக்கெடுக்கின்றன. போர்ட்டிக்சன் கரையிலேயே புத்ரா மலேசியப் பல்கலைக்கழகத்தின் நீர்வாழ் உயிரின ஆய்வு நிலையம் இருக்கிறது. ஆற்றின் எண்கள் ஓரிடத்திலும் கடலின் எண்கள் வேறோரிடத்திலும் கிடக்க வேண்டியதில்லை. ரெம்பாவ் பாலத்தில் எடுத்த அளவும் தஞ்சோங் துவானில் எடுத்த அளவும் ஒரே அட்டவணையில், பக்கத்துப் பக்கத்து நிரல்களில் இடம்பெறட்டும். அடுத்த பவளத் துண்டை எந்த மாதத்தில், எந்த இடத்தில் கட்டுவது என்பதை அந்த அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யலாம். இப்போதைக்குக் கட்டவே வேண்டாம் என்றும் முடிவு செய்யலாம்.